இயற்கைத் திறந்தவெளியைக் காக்கும் மண்டல விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காடோ சதுப்பு நிலமோ திட்ட வரைபடத்தில் பச்சையாக இருந்தால் அது தப்பித்துவிட்டது என்று பலரும் நம்புகிறோம். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். விதிகளைப் படிக்கப் படிக்கத்தான் வேறு ஒரு கேள்வி முக்கியம் என்று புரிந்தது: அந்தப் பச்சையை அழிக்க யாரால் முடியும், அதற்கு எத்தனை பேருடைய சம்மதம் வேண்டும்? கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் வரும்.

மண்டல விதி என்றால் என்ன?

ஊரின் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரமாக, எவ்வளவு நெருக்கமாகக் கட்டலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் சட்டம். இதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று வரைபடம், இன்னொன்று விதித்தொகுப்பு. வரைபடத்தைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர், விதித்தொகுப்பைப் பிரிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஓட்டைகள் எல்லாம் இருப்பது இரண்டாவதில்தான்.

முழு நகரத்துக்குமான மண்டல விதியை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது நியூயார்க், 1916-ல். இப்படி விதி போட ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா என்ற சண்டை, ஒஹாயோவில் உள்ள யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 1926-ல் ஊருக்குச் சாதகமாக முடிந்தது. அன்றைய கவலை தொழிற்சாலைப் புகையிலிருந்து வீடுகளைக் காப்பது. காலி நிலம் அந்த வரைபடங்களில் 'இன்னும் கட்டப்படாத இடம்' மட்டுமே. அந்த எண்ணம் இன்றும் பல விதித்தொகுப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தப் பிரிவிலும் சேராத நிலத்தைக் 'காத்திருப்பு நிலம்', 'எதிர்கால வளர்ச்சிப் பகுதி' என்று எழுதிவைப்பார்கள். அந்த இரண்டு சொற்களே போதும், பத்து வருடத்தில் அங்கே மனைப்பிரிவு வந்துவிடும்.

இயற்கைத் திறந்தவெளியில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் சேருமா?

சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. பூங்கா மக்களுக்கு வேண்டியதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புல்தரை விரித்து, நடைபாதைக்குக் கல் பதித்து, விளக்கு போட்ட இடமும், மழை வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் சதுப்பு நிலமும் ஒரே தலைப்பின் கீழ் வந்தால் கணக்கு கெட்டுவிடும். 'நூறு ஏக்கர் திறந்தவெளி இருக்கிறது' என்பார்கள். கூட்டிப் பார்த்தால் கோல்ஃப் மைதானமும் சாலை நடுவில் உள்ள செடி வரிசையும் அதில் இருக்கும்.

நல்ல விதித்தொகுப்பு, ஒரு நிலம் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து அதை வரையறுக்கும். தண்ணீரை உறிஞ்சும் இடம், வெள்ளம் பரவி நிற்கும் இடம், மண் சரியாமல் பிடித்துவைத்திருக்கும் சரிவு, விலங்குகள் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் வழி என்று தனித்தனியாகச் சொல்லும். இப்படி எழுதினால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. வெள்ளம் பரவும் பள்ளத்தை எடுத்துக்கொண்டு, மேட்டில் ஒரு பூங்கா தருகிறோம் என்றால், தண்ணீர் மேடேறிப் போகப்போவதில்லை.

விதி எதற்கு? அரசே அந்த நிலங்களை வாங்கிவிடலாமே?

வாங்க முடிந்தால் அதைவிட உறுதி வேறில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர் நகரம் இரண்டையும் செய்து காட்டியது. 1959-ல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து, மலைச்சரிவில் ஒரு கோட்டைக் குறித்தார்கள். சுமார் 5,750 அடி உயரத்துக்கு மேலே நகரத்தின் குடிநீர் இணைப்பு கிடையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் யார் வீடு கட்டுவார்? அப்புறம் 1967-ல், திறந்தவெளி நிலம் வாங்குவதற்கென்றே விற்பனை வரியில் 0.4% தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். இன்று அந்த நகரத்தின் கையில் 45,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது.

ஆனால் எல்லா ஊருக்கும் அந்தப் பணம் இருக்காது. ஆற்றங்கரை முழுவதையும் எந்த அரசும் வாங்கித் தீர்க்க முடியாது. விதி போட்டால் நிலம் உரிமையாளரிடமே இருக்கும், செய்யும் வேலை மட்டும் கட்டுக்குள் வரும். வாங்கிய நிலத்துக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: அரசு வாங்கியதை அரசே விற்கவும் செய்யலாம்.

என்னென்ன வகை விதிகள் நடைமுறையில் இருக்கின்றன?

ஊருக்கு ஊர் பெயர் மாறும். உள்ளே இருக்கும் கருத்துகள் சிலவே.

முதலாவது, நேரடியான பாதுகாப்பு மண்டலம். இன்னின்ன செய்யலாம், மற்றது எதுவும் கூடாது என்பது. ஹாங்காங் 1976-ல் நாட்டுப்புறப் பூங்காக்களுக்கான சட்டம் போட்டது. பெயர்தான் பூங்கா, உள்ளே இருப்பது மலையும் காடும். அவ்வளவு நெருக்கடியான நகரத்தில் இன்று நிலப்பரப்பில் சுமார் 40% பாதுகாப்பில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்தச் சட்டம்தான்.

இரண்டாவது, மேலடுக்கு மண்டலம். கீழே குடியிருப்பு, வணிகம் என்று எந்த வகை இருந்தாலும், அதன்மேல் இன்னொரு விதி படியும். ஆற்றிலிருந்து இத்தனை அடி, இத்தனை பாகைக்கு மேல் சரிவு, வெள்ளம் தொடும் எல்லை என்பதுபோல. விஸ்கான்சின் மாநிலம் 1966-ல் கொண்டுவந்த கரை விதி ஏரியிலிருந்து 1,000 அடி, ஆற்றிலிருந்து 300 அடி என்று அளந்தது. மேலடுக்கின் அழகே, அது நிலத்தின் சொந்தக்காரரையோ மனையின் எல்லையையோ பார்க்காமல் தண்ணீர் போகும் வழியைப் பார்ப்பது.

மூன்றாவது, நகர எல்லைக்கோடு. இதற்குள் கட்டுங்கள், இதற்கு வெளியே கூடாது. ஓரிகன் மாநிலம் 1973-ல் இதைச் சட்டமாக்கியது. போர்ட்லாந்து பகுதியின் கோடு 1979-ல் வந்தது. லண்டனைச் சுற்றிய பசுமை வளையத்துக்கு 1938-லேயே சட்டம் உண்டு. கோபன்ஹேகன் வேறு மாதிரி யோசித்தது. 1947-ல் வரைந்த திட்டத்தில், நகரம் ரயில் பாதைகளை ஒட்டி ஐந்து விரல்கள்போல நீளும், விரல்களுக்கு நடுவில் பசுமை நகரத்துக்குள்ளேயே நுழைந்து வரும். எனக்கு வளையத்தைவிட இந்த விரல் அமைப்பு பிடிக்கும். வீட்டிலிருந்து நடந்துபோய்த் தொடக்கூடிய தூரத்தில் இருக்கும் காட்டுக்காகத்தான் மக்கள் சண்டை போடுவார்கள்.

நான்காவது, வீடுகளைக் குவித்துக் கட்டும் விதி. உதாரணமாக 100 ஏக்கரில், இரண்டு ஏக்கருக்கு ஒரு வீடு என்ற விதிப்படி 50 வீடு கட்டலாம். அதே 50 வீட்டையும் அரை ஏக்கர் மனைகளாக 25 ஏக்கரில் அடக்கினால், சாலைக்கும் மற்றதற்கும் இன்னொரு 10 ஏக்கர் போனாலும் 65 ஏக்கர் அப்படியே மிஞ்சும். கட்டுபவருக்கு ஒரு வீடுகூடக் குறையவில்லை, சாலையும் குழாயும் குறைவு. இதில் ஒரே ஒரு நிபந்தனையை விட்டுவிடக் கூடாது: மிஞ்சும் 65 ஏக்கர் எது என்பதை முதலில் குறித்துவிட்டு, அப்புறம்தான் வீடுகளை வரைய வேண்டும். தலைகீழாகச் செய்தால் கட்ட முடியாத முட்புதரும் மின்கம்பிப் பாதையும்தான் 'திறந்தவெளி' ஆகும்.

கட்டும் உரிமையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. அதைக் கீழே உரிமையாளர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மனைகளைப் பெரிதாக வைத்தாலே போதாதா? ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்றால் பசுமையாகத்தானே இருக்கும்?

பார்க்கப் பசுமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாலை, ஒரு வேலி, ஒரு நாய், இரவெல்லாம் எரியும் ஒரு விளக்கு. காடு துண்டு துண்டாகிவிடும். காட்டின் நடுப்பகுதியை மட்டுமே நம்பி வாழும் பறவைக்கு அங்கே நடு என்று ஒன்று இருக்காது. போதாததற்கு, அதே எண்ணிக்கை வீடுகளுக்குப் பல மடங்கு நிலம் செலவாகிறது.

இப்படி எண்ணிக்கையைக் குறைக்கும் விதி வேலை செய்ய வேண்டுமென்றால், மனை பிரிப்பதே லாபமில்லை என்னும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதியில், 1973-ல் வந்த தனியார் நிலத் திட்டத்தின் மிகக் கடுமையான மண்டலத்தில் ஒரு சதுர மைலுக்கு 15 முதன்மைக் கட்டடங்கள்தான். அதாவது ஒன்றுக்கு 42 ஏக்கருக்கு மேல்.

நில உரிமையாளருக்கு இது அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எதிரியாகப் பார்க்கக் கூடாது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய நிலத்தில் ஒரே நாளில் எதுவும் செய்ய முடியாது என்றால் யாருக்கும் வயிறு எரியும்.

நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. மேலே சொன்ன விஸ்கான்சின் கரை விதியை மீறி, ஏரியை ஒட்டிய சதுப்பை மணல் கொட்டி நிரப்பியவர்களின் வழக்கில், 1972-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது. நிலத்தின் இயற்கைத் தன்மையையே மாற்றி, அது எதற்குப் பொருந்தாதோ அதற்குப் பயன்படுத்தும் கட்டற்ற உரிமை எந்த உரிமையாளருக்கும் கிடையாது என்பது அதன் சாரம். சதுப்பு சதுப்பாக இருப்பதால் உரிமையாளர் எதையும் இழக்கவில்லை என்ற பார்வை அது.

இன்னொரு பக்கம் தெற்குக் கரோலினாவின் லூகாஸ் வழக்கு. 1986-ல் 9,75,000 டாலருக்கு வாங்கிய இரண்டு கடற்கரை மனைகளில், 1988-ல் வந்த சட்டம் கட்டவே கூடாது என்றது. நிலத்தின் பொருளாதார மதிப்பு முழுவதையும் பறித்தால், பொதுவாக இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் மாநில அரசு அந்த மனைகளை வாங்கியது, வாங்கிய பிறகு கட்டுவதற்காகவே விற்றுவிட்டது. எதைக் காக்கச் சட்டம் வந்ததோ அதுவே போய்விட்டது. தென்கொரியாவிலும் 1971 முதல் இருந்த பசுமை வளைய விதியைப் பார்த்து, எந்தப் பயனும் இல்லாமல் போன நிலங்களுக்குக்கூட இழப்பீடு இல்லை என்பது அரசியல் சட்டத்தோடு பொருந்தாது என்று 1998-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே விதி எழுதும்போதே உரிமையாளருக்கு ஒரு வழி விட்டு எழுத வேண்டும். மேரிலாந்தின் மான்ட்கோமரி மாவட்டம் 1980-ல் செய்தது இதற்கு நல்ல முன்மாதிரி. சுமார் 93,000 ஏக்கர் விளைநிலத்தையும் திறந்தவெளியையும் ஒரு காப்பகமாக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று குறைத்தார்கள். அதற்கு ஈடாக, ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டும் உரிமையை விவசாயி விற்றுக்கொள்ளலாம். வாங்கும் கட்டுமான நிறுவனம் அதை நகரப் பகுதியில் கூடுதல் வீடுகளாகக் கட்டிக்கொள்ளும். நிலம் விவசாயியிடமே இருக்கும், கையில் பணமும் வரும். ஆனால் உரிமையை வாங்கிக்கொள்ளும் பகுதியிலும் மண்டல விதி அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நகரத்தில் எல்லாருக்கும் ஏற்கெனவே தாராளமாக மாடி போட அனுமதி இருந்தால் இந்த உரிமையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

நிலத்தைப் பூட்டினால் வீட்டு விலை ஏறிவிடாதா?

ஏறலாம். இதை மறைப்பதில் பயனில்லை. கோட்டுக்கு வெளியே தடை போட்டுவிட்டு, உள்ளேயும் அடுக்குமாடிக்கு அனுமதி மறுத்தால், விலை ஏறுவதோடு மக்கள் வளையத்தைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் குடியேறுவார்கள். தினமும் அந்தப் பசுமையின் நடுவே வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

ஓரிகன் சட்டம் இதை யோசித்திருக்கிறது. எல்லைக்குள் 20 ஆண்டுகளுக்குப் போதுமான குடியிருப்பு நிலம் இருக்க வேண்டும் என்று ஊர்களுக்கே பொறுப்பு வைத்தது. 'இங்கே கட்டாதே' என்று சொல்பவர், 'அங்கே கட்டு' என்று கை காட்டவும் வேண்டும். சதுப்பு நிலத்தைக் காக்க ஊர்வலம் போய்விட்டு, தன் தெருவில் நாலு மாடி வருவதையும் எதிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வீடுகள் எங்கே போகும் என்று நினைக்கிறார்கள்?

பச்சை மண்டலம் என்று இருந்தும் கட்டடம் எப்படி வருகிறது?

பெரும்பாலும் சட்டப்படியேதான் வருகிறது. விதித்தொகுப்பில் 'பொது நலத் திட்டங்கள் நீங்கலாக' என்று ஒரு வரி இருக்கும், அதன் வழியாகச் சாலை வரும். சாலை வந்தால் 'இது இப்போது நகரப் பகுதிபோல ஆகிவிட்டது' என்று வகை மாற்றம் கேட்பார்கள். இல்லையென்றால் ஒரே ஒரு மனைக்கு மட்டும் விலக்கு தருவார்கள். பக்கத்து மனைக்காரர் அதையே முன்னுதாரணமாகக் காட்டுவார்.

இன்னொரு வழி, வரைபடத்திலேயே இருக்கும் ஓட்டை. ஹாங்காங்கின் பூங்காக்களுக்கு நடுவிலும் ஓரத்திலும், பூங்காவில் சேராத 77 சிறு நிலத்துண்டுகள் இருந்தன. 2010-ல் அப்படி ஓரிடத்தில் தனியார் தோண்டத் தொடங்கியபோதுதான், அவற்றில் 54 துண்டுகளுக்குச் சட்டப்படியான திட்டமே இல்லை என்பது பெரிய பேச்சானது.

மூன்றாவது வழி, மேலிருந்து ஒரே கையெழுத்தில் வருவது. கனடாவின் ஒன்டாரியோவில் 2005 முதல் சுமார் 20 லட்சம் ஏக்கர் பசுமை வளையம் இருக்கிறது. வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 2022 டிசம்பரில் 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரை மாகாண அரசு அதிலிருந்து எடுத்தது. பதிலுக்கு வேறு இடத்தில் கூடுதல் ஏக்கர் சேர்க்கிறோம் என்றது. 2023 ஆகஸ்டில் மாகாணத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. இடங்களைத் தேர்ந்தெடுத்த முறை சில கட்டுமான நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்தது, அந்த நிலங்களின் மதிப்பு 830 கோடி கனடா டாலருக்கு மேல் உயரக்கூடும் என்று அது சொன்னது. மக்கள் கொதித்தார்கள். அமைச்சர் பதவி விலகினார், அந்த ஆண்டே எல்லா நிலமும் திரும்ப வளையத்துக்குள் வந்தது. பதினேழு ஆண்டு இருந்த பாதுகாப்பை ஓர் ஒழுங்குமுறைத் திருத்தத்தால் எடுக்க முடிந்தது என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் எது உறுதியான பூட்டு?

சாவி எத்தனை பேர் கையில் பிரிந்திருக்கிறதோ அவ்வளவு உறுதி.

அடிரோண்டாக்கையே மறுபடி பாருங்கள். அங்கே உள்ள அரசு காடு 'என்றென்றும் காடாகவே' இருக்க வேண்டும் என்பது 1894 முதல் நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றி, பிறகு மாநில மக்கள் எல்லாரும் வாக்களிக்க வேண்டும். ஒரு சிற்றூருக்குக் குடிநீர்க் கிணறு போட ஒரே ஒரு ஏக்கர் தேவைப்பட்டபோதுகூட, 2007-ல் மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. ஈடாகக் குறைந்தது 12 ஏக்கர் காட்டில் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது நிறைவேறியது. நியாயமான தேவை நிறைவேறியது, கதவும் திறந்தே கிடக்கவில்லை.

எல்லா இடத்திலும் அரசியல் சட்டம் வரை போக முடியாது. ஆனால் வகை மாற்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று எழுதலாம். இரண்டு தனித்தனி அமைப்புகள் ஒப்ப வேண்டும் எனலாம். உரிமையாளரே தன் நிலத்தில் இனிக் கட்டுவதில்லை என்று பதிவு செய்து, அதைக் கண்காணிக்கும் உரிமையை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கும் முறையும் பல நாடுகளில் உண்டு. நிலம் கைமாறினாலும் அந்தக் கட்டுப்பாடு கூடவே போகும்.

நீதிமன்றமும் ஒரு பூட்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. பியாஸ் ஆற்றங்கரை வன நிலத்தை ஒரு விடுதிக்குக் குத்தகைக்கு விட்ட வழக்கில், ஆறும் காடும் கடற்கரையும் அரசிடம் மக்களுக்காக ஒப்படைக்கப்பட்ட பொதுச்சொத்து என்ற கோட்பாட்டை 1996-ல் அதே நீதிமன்றம் ஏற்றுக் குத்தகையை ரத்து செய்தது.

விதி வருவதற்கு முன்பே அங்கே இருக்கும் வீடுகள் என்ன ஆகும்?

பொதுவாக அப்படியே இருக்கலாம். பழுது பார்க்கலாம், பெரிதாக்க முடியாது. இடிந்தால் மறுபடி கட்டலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்தப் பிரிவைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

எங்கள் பகுதியில் நில வகை மாற்ற அறிவிப்பு வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் கடைசித் தேதியைப் பாருங்கள். ஆட்சேபணைக்குத் தரும் அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். தேதி தாண்டிய கடிதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கணக்கில் வராது.

அடுத்து, அறிவிப்பில் உள்ள புல எண்களைத் திட்ட வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 'இயற்கையை அழிக்காதீர்கள்' என்று மட்டும் எழுதிய நூறு கடிதங்களைவிட, 'இந்தப் புல எண் வெள்ளம் பரவும் எல்லைக்குள் வருகிறது, திட்டத்தின் இந்தப் பிரிவு இங்கே கட்டுவதைத் தடுக்கிறது' என்று எழுதிய ஒரு கடிதம் வலுவானது. அதிகாரி அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தக் கடிதம்தான் ஆதாரம்.

மழைக்காலப் படங்கள் மிக முக்கியம். கோடையில் பார்த்தால் சதுப்பு வெறும் பொட்டல்போல இருக்கும். 'தரிசு' என்று எழுதிவைக்க அதுவே வசதி. ஒரே இடத்தில் நின்று, தேதி தெரியும்படி, தண்ணீர் நிற்கும்போதும் வற்றும்போதும் எடுத்துவையுங்கள். வயதானவர்களிடம் தண்ணீர் எந்தப் பக்கமாக வடியும் என்று கேட்டு எழுதி, அவர்களுடைய கையெழுத்தோடு சேருங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நேரில் போங்கள். பேசியது பதிவானதா என்று கூட்டக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. முழுமைத் திட்டம் திருத்தப்படும் காலத்தில் போய் ஒரு நிலத்தைப் பச்சையில் சேர்ப்பது, பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் எதிர்ப்பதைவிடப் பல மடங்கு எளிது.

கட்டி முடித்துவிட்ட இடத்தை இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

ஓரளவுக்கு. சியோல் நகரத்தின் நடுவில் ஓடிய சியோங்கியேசியோன் ஓடையைக் காங்கிரீட்டால் மூடி, மேலே உயர்மட்டச் சாலையும் கட்டியிருந்தார்கள். 2003-ல் அதை இடிக்கத் தொடங்கி, 2005-ல் சுமார் 6 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். அங்கே வெயில் தணிந்தது, மீன் வந்தது, மக்கள் கரையில் உட்கார்ந்தார்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் அந்த ஓடைக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி இப்போது ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுகிறது. முன்பு மழையை வாங்கி அதற்கு அனுப்பிக்கொண்டிருந்த சரிவுகளில் இன்று நகரம் நிற்கிறது.